தேனிலவுக்குத் துணைபோன வெரோனிகா

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் லியனார்டு வீட்டுக் கல்யாணம் முடிந்து, வாடகைக்கு எடுத்த அண்டாக்களைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்த மறுநாள், அவர் மகனான மாப்பிள்ளை கிரிகரி ஒரு புது வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தான். ஹனிமூன்.

அது 1935, ஈஸ்டர் கழிந்த சமயம். கிரிகரி பத்து ரோட்டில் ஒரு சீனனின் மோட்டார்ப் பட்டறையில் ஃபிட்டர். வெள்ளைக்காரத் துரைமார் கல்யாணமானதும் பெண்டாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதைப் பட்டறை வாசலில் நின்று பார்த்திருக்கிறான். தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்த முதலாளி நல்ல மனுஷன். கல்யாணப் பரிசாகப் பட்டறையில் கிடந்த பழைய மோரிஸ் காரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். பிரேசர் மலை, அதைத் தாண்டி ரவூப், லிப்பிஸ், அதற்கும் அப்பால் பகாங் காடு. அந்தக் காட்டில் யாரும் துப்பாக்கி எடுக்கக் கூடாதென்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. யானையும் காட்டெருமையும் ஆற்றங்கரைக்கு வந்து நிற்குமாம்.

லியனார்டு ரயிலில் கார்டு வேலை பார்ப்பவர். பச்சைக் கொடி காட்டிக் காட்டியே, அவர் சம்மதிக்காமல் எதுவும் நகராது என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டிருந்தது. மகன் கேட்டதை மறுக்கவில்லை. ஆனால் கிள்ளானிலிருந்து பெண்ணின் தகப்பனார் சொல்லி அனுப்பினார்: "புலி நடமாடுற எடத்துக்கு எம்பொண்ணைத் தனியா அனுப்ப முடியாது. கூட ஒரு பொம்பளை போகணும்."

"புருஷன் கூடப் போறா, தனியாவா போறா?" என்றான் கிரிகரி.

"வழியில சோறு யாரு ஆக்குவா? உன் பொண்டாட்டிக்குச் சுடுதண்ணி வைக்கவே இன்னும் நான் சொல்லிக் குடுக்கல" என்றாள் அவன் அம்மா. பிறகு எல்லாருடைய பார்வையும் அடுப்படிப் பக்கம் திரும்பியது. அங்கே வெரோனிகா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெரோனிகா லியனார்டின் தங்கை. காப்பாரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் சுவிட்டன்ஹாம் துறையில் சரக்கு வண்டி கோக்கிற ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவனைக் காய்ச்சல் கொண்டுபோனபோது அவளுக்கு இருபது நிரம்பவில்லை, பிள்ளையும் இல்லை. அண்ணன் போய் அவளையும் ஒரு தகரப் பெட்டியையும் அழைத்துவந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு அவளுடையது. அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எல்லாரோடும் போனாள். தீபாவளிக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் பலகாரம் கொடுத்தால் அவளுக்கும் ஒரு பங்கு வந்தது. அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இப்போதும் கேட்கவில்லை.

"வெரோனி, உன் துணிமணியை எடுத்து வச்சுக்க" என்றார் லியனார்டு. அவள் கையைக் கழுவிக்கொண்டு போய் எடுத்து வைத்தாள்.

காரின் பின் இருக்கையில் அவளுக்கு ஒரு ஆள் உட்காரும் இடந்தான் இருந்தது. மீதியை மண்ணெண்ணெய் அடுப்பும், அரிசிப் பையும், கருவாட்டுப் பொட்டலமும், சட்டி பானைகளும் பிடித்துக்கொண்டன. முன்னால் கிரிகரி தொப்பி போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். பக்கத்தில் புதுப்பெண் டொரத்தி. கிள்ளான் கான்வென்ட்டில் படித்தவள். மாமியார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் வெரோனிகாவிடம் இரண்டொரு வார்த்தைதான் பேசியிருந்தாள்.

ரவாங் வரைக்கும் கிரிகரி பாடிக்கொண்டு வந்தான். கோலகுபு தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பாட்டு நின்றது. பாதை பாம்பு படுத்தது போல வளைந்து வளைந்து ஏறியது. டொரத்திக்குத் தலை சுற்றியது. கிரிகரி காரை நிறுத்த, அவள் இறங்கி வாந்தியெடுத்தாள். வெரோனிகா முதுகைத் தடவப் போனாள்.

"வேணாம். உங்க மேல கருவாட்டு வாசம் வருது" என்றாள் டொரத்தி.

வெரோனிகா தள்ளி நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கருவாட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் கருவாட்டு வாசந்தான் வரும். அவள் பள்ளத்தாக்கைப் பார்த்தாள். காப்பாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் மரமாக இருந்திருக்கும், யாரோ வந்து எல்லாவற்றையும் வெட்டி ரப்பர் நட்டார்களே என்று அவளுக்குத் தோன்றியது. 

மலையின் இடுப்பில் கேப் என்ற இடம் இருக்கிறது. அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறுகிற பாதை ஒற்றை வண்டிப் பாதை. ஏறுகிற வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்குகிறவற்றுக்கு ஒரு நேரம். குறுக்குக் கட்டை தூக்கும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். துரைமார் மேட்டிலிருந்த ரெஸ்ட் ஹவுஸில் போய்த் தேநீர் குடித்தார்கள். அங்கே ஏறிப்போய்க் கேட்கக் கிரிகரிக்குத் தைரியம் வரவில்லை. லோரிக்காரர்களும் மற்ற டிரைவர்களும் பாதையோரத்தில் குந்தி, சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தார்கள். சாப்பாடு வேண்டுமானால் கீழே கோலகுபுவில், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ரவூபில்.

கிரிகரிக்குப் பசி. வெரோனிகா அடுப்பை இறக்கிப் பற்ற வைத்தாள். சோறு பொங்கி, புளிக்குழம்பு கூட்டி, நெத்திலியைச் சம்பலில் போட்டுப் புரட்டினாள். மலைக்காற்று அந்த வாசத்தை வரிசையின் கடைசி வண்டி வரைக்கும் கொண்டுபோயிற்று.

பலகை ஏற்றிய லோரியிலிருந்து ஒரு டிரைவர் இறங்கி வந்தான். பெயர் வாசு. கோலகுபுக்காரன்.

"அக்கா, மிச்சம் இருந்தா ஒரு கைப்பிடி. காலையில இருந்து பச்சைத் தண்ணிதான்."

வெரோனிகா கிரிகரியைப் பார்த்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினான். வாசு தன் மூடித்தட்டைக் கொண்டுவந்தான். நின்றபடியே தின்றான். தின்று முடித்துத் தட்டைக் கழுவிவிட்டு, லோரியிலிருந்து இரண்டு அன்னாசிப் பழத்தைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான்.

"நல்லா இருக்கு, அக்கா. இந்த மலையில நாலு வருஷமா ஓட்டுறேன். இங்க சோறு தின்னது இன்னைக்குத்தான்லா."

அவள் அன்னாசியை முறத்தில் எடுத்து வைத்தாள். 

பிரேசர் மலையில் குளிர். நல்ல பங்களாக்கள் எல்லாம் துரைமாருக்கு. ரோடு வேலை பார்க்கும் தமிழ்க் கூலிகளின் வரிசை வீடான லயத்தில், அவர்களுக்கு மேஸ்திரியான நாகையா என்ற மண்டோர் புதுமாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தன் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு பக்கத்து அறைக்குப் போனார். வெரோனிகா அடுப்படியில் படுத்தாள். மறுநாள் கிரிகரி டொரத்தியை அழைத்துப்போய், துரைமார் பந்து அடிக்கிற புல்வெளியைத் தூரத்திலிருந்து காட்டினான். மூடுபனியில் அதுவும் தெரியவில்லை.

மலையை இறங்கி ரவூப், லிப்பிஸ் என்று போய்க் கடைசியில் ஜெரண்டூட் பக்கம் ஆற்றங்கரையில் காரை விட்டுவிட்டு, ஒரு மலாய்க்காரர் படகில் ஏறினார்கள். ஆறு தேநீர் நிறத்தில் ஓடியது. இரு கரையிலும் மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தண்ணீருக்கு மேல் சாய்ந்து நின்றன. மிருகம் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்குக் கரையில் ஒரு குடிசை இருந்தது.

சாயங்காலம் கிரிகரி புறப்பட்டான். உள்ளே மிருகங்கள் உப்பு நக்க வருகிற ஒரு சேற்றுக்குட்டை இருந்தது. அதன் பக்கத்து மரத்தில் பரண் கட்டியிருந்தது. படகுக்காரர் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"டோரா, கிளம்பு" என்றான் கிரிகரி.

"நான் வரல."

"இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

"நீங்க வந்தீங்க. நான் கார்ல உக்காந்திருந்தேன்" என்றாள் டொரத்தி.

கிரிகரி முகம் சிவந்து படகுக்காரரோடு போய்விட்டான். டொரத்தி குடிசைப் படியில் உட்கார்ந்து அழுதாள். வெரோனிகா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து டொரத்தியும் வந்து பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். ஒரு தட்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். சாம்பலை அள்ளத் தெரியாமல் அள்ளினாள்.

"எனக்குப் பினாங்குக்குப் போகணும்னு ஆசை, அத்தை. கடலைப் பாக்கணும். காடுன்னு அவரா முடிவு பண்ணிட்டாரு. உங்கள யாராச்சும் வரியான்னு கேட்டாங்களா?"

"இல்லம்மா."

"நீங்க சொல்லியிருக்கலாமே, வரலன்னு."

வெரோனிகா யோசித்தாள். "அப்படி ஒண்ணு சொல்லலாம்னு தோணல" என்றாள்.

டொரத்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் எதிர்க்கரையில் கோரைப்புல் விலகியது. கறுப்பாக ஒரு உருவம் இறங்கி வந்தது. முதலில் எருமை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் எந்த எருமைக்கும் அவ்வளவு பெரிய திமில் இல்லை. முழங்காலுக்குக் கீழே வெள்ளை, காலுறை போட்டது போல. செலடாங். காட்டெருமை. அது தண்ணீரில் முன்னங்காலை வைத்துத் தலையைத் தாழ்த்திக் குடித்தது. டொரத்தி வெரோனிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் கையோடு சாம்பல் கை. மிருகம் தலையைத் தூக்கியது. முகவாயிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட இவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பெரிதாக ஒன்றும் தோன்றாதது போலத் திரும்பிக் காட்டுக்குள் போயிற்று.

இருட்டும் நேரத்தில் கிரிகரி திரும்பி வந்தான். கணுக்காலெல்லாம் அட்டை. எதையும் பார்க்கவில்லை.

"ஒரு பன்றிகூட வரல" என்றான்.

டொரத்தி வெரோனிகாவைப் பார்த்தாள். வெரோனிகா ரசத்தைக் கிளறினாள். இரண்டு பேருமே சொல்லவில்லை. அன்று டொரத்திதான் அவன் கால் அட்டைகளுக்கு உப்பு வைத்துப் பிடுங்கினாள். அவன் அலறியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து வெரோனிகா கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வருகிற வழியில் ரவூபில் மழை பிடித்தது. கேப் வந்து சேர்ந்தபோது, கோலகுபு இறங்கும் பாதையில் மலை சரிந்து விழுந்துவிட்டதென்று சொன்னார்கள். மண்ணும் மரமுமாகப் பாதையை மூடியிருந்தது. இந்தப் பக்கம் லோரிகள், தபால் வண்டி, நாலைந்து கார்கள். மேலேயிருந்து நாகையா தன் ஆட்களோடு மண்வெட்டி, கூடை சகிதம் இறங்கி வந்திருந்தார்.

"எப்ப சரியாகும், மண்டோரே?" என்று கிரிகரி கேட்டான்.

"மழை விட்டாச் சொல்றேன்" என்றார் நாகையா.

பாதையோரத்தில் தார் பீப்பாய் வைக்கிற தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. வெரோனிகா அங்கே அடுப்பை வைத்தாள். இருந்த அரிசி மூன்று பேருக்கு. அவள் கொட்டகை வாசலில் நின்று வரிசையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாசுவின் லோரியைக் கண்டு, மழையில் நனைந்துகொண்டே அங்கு போனாள். தானாக ஒரு ஆண்பிள்ளையிடம் போய்ப் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"லோரியில என்ன ஏத்தியிருக்க, தம்பி?"

"மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும், அக்கா. பாசாருல விக்கப் போறது. இங்கயே அழுகப் போவுது."

"அழுக விடாத. இறக்கு."

தபால் வண்டிக்காரனிடம் சார்டின் டின்கள் இருந்தன. ஒரு சீனர் கூடை நிறையக் கோழி வைத்திருந்தார். முதலில் முடியாது என்றவர், வாசம் வந்ததும் தானே அறுத்துக் கொடுத்தார். குறுக்குக் கட்டை தூக்குகிற மலாய்க் கிழவர் காய்ந்த விறகு கொண்டுவந்தார். சரிவை வெட்டுகிற ஆட்கள் சேறும் சகதியுமாக வந்து, சூடான கிழங்கையும் குழம்பையும் கைநிறைய வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பப் போனார்கள். வெரோனிகாவுக்குக் குரல் உயர்ந்தது. "அந்தச் சட்டியை எடு", "வரிசையா வாங்க", "மண்டோர் ஆளுங்களுக்கு முதல்ல" என்றாள். தான் சத்தம் போடுவதை அவளே கேட்டாள். நிறுத்தவில்லை. டொரத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இலை போட்டாள்.

மறுநாள் பிற்பகலில் பாதை திறந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கிரிகரி காரைக் கிளப்பி ஹாரன் அடித்தான். வெரோனிகா கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அவன் இறங்கி வந்தான்.

"அத்தை, ஏறுங்க. இருட்டுறதுக்குள்ள இறங்கணும்."

"நான் வரல, கிரிகரி."

அவனுக்கு விளங்கவில்லை. "எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"இல்ல. இங்கயே இருக்கேன். மண்டோர்கிட்டக் கேட்டேன். ஓவர்சியர் துரைகிட்டச் சொல்லி இந்தக் கொட்டகையை எனக்கு விடச் சொல்றேன்னாரு. வாசு அரிசி கொண்டு வருவான். ராத்திரிக்குக் கடைசி வண்டியில மேல ஏறி லயத்துல மண்டோர் வீட்டுப் பொம்பளைங்களோட படுத்துக்கறேன்."

"என்ன பேசுறீங்க? அப்பா என்னைக் கொன்னுடுவாரு!"

"கொல்ல மாட்டாரு. கத்துவாரு."

கிரிகரி டொரத்தியைப் பார்த்தான், நீயாவது சொல் என்பதுபோல. டொரத்தி காரிலிருந்து இறங்கி, வெரோனிகாவின் தகரப் பெட்டியையும் மிச்ச அரிசிப் பையையும் எடுத்துவந்து கொட்டகைக்குள் வைத்தாள். அடுப்பு ஏற்கனவே உள்ளே இருந்தது.

"நீயுமா?" என்றான் கிரிகரி.

"அவங்க ஒண்ணு கேட்டிருக்காங்க. விடுங்களேன்" என்றாள் டொரத்தி. பிறகு வெரோனிகாவிடம், "சால்வையை வச்சுக்குங்க, அத்தை. இங்க குளிரும்" என்று தன் கல்யாணச் சால்வையைக் கொடுத்துவிட்டுப் போய் முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

கார் வளைவில் மறைந்ததும் வெரோனிகாவுக்குப் பயம் வந்தது. நன்றாகவே வந்தது. கொட்டகைக்குள் போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். பாதி சொல்லுகையில் ஒரு லோரி வந்து நின்றது. மாலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

லியனார்டு உடனே வரவில்லை. பிடிவாதம். தானே திரும்பி வருவாள் என்று காத்திருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் பேச்சு கிளம்பியது. லோரிக்காரனோடு இருக்கிறாள் என்று கோயில் வாசலிலேயே ஒருத்தி சொன்னாளாம். அதற்குப் பிறகுதான் அவர் ஒரு நாள் லீவு போட்டு, ரயிலேறிக் கோலகுபு வந்து, அங்கிருந்து தபால் வண்டியில் மலையேறினார். அன்று ரயில்வே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

கொட்டகையில் இப்போது இரண்டு பெஞ்சு கிடந்தன. லோரிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெரோனிகா அண்ணனைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். ஒரு பெஞ்சைத் துடைத்துவிட்டாள்.

"உக்கார வரல. ஊரு என்ன பேசுது தெரியுமா?"

"இவ்வளவு உயரத்துக்கு எட்டல."

"யாரு அந்த லோரிக்காரன்?"

"வாசு. அரிசி கொண்டாந்து போடுறான். அவன் பொண்டாட்டி போன வாரம் வந்து எனக்கு ஊறுகாய் போட்டுக் குடுத்துட்டுப் போனா. வேணும்னா கீழ இறங்கறப்ப அவ வீட்டுல போய்க் கேளுங்க."

லியனார்டு குரலைத் தணித்தார். "வெரோனி, நம்ம வீட்டுல உனக்கு என்ன குறை வச்சேன்?"

அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லண்ணே."

"அப்புறம்?"

"அங்க காலையில எந்திரிக்கறப்பவே, படுக்கறவரைக்கும் என்ன நடக்கும்னு தெரியும். இங்க தெரியல."

இது ஒரு காரணமா என்பதுபோல அவர் பார்த்தார். அவருக்கு ரயில் நேரம் தெரியும். என்ன நடக்கும் என்று தெரிவதுதான் அவர் பிழைப்பு. அவள் இலை போட்டுச் சோறு வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார், காலையிலிருந்து சாப்பிடவில்லை. உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். குழம்பு மறுபடியும் ஊற்றினாள், அதையும் சாப்பிட்டார். இத்தனை வருஷம் வீட்டில் தின்ற அதே குழம்புதான். சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள் அதைக் கேட்டு வாங்கித் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூசைக்கு?" என்று கேட்டார் கடைசியில்.

"கோலகுபுக்குச் சாமியார் வரப்பெல்லாம் போறேன்."

கீழே போகிற தபால் வண்டி மணி அடித்தது. லியனார்டு எழுந்து கோட்டைப் போட்டார். "குளிருக்கு நல்ல கம்பளி ஒண்ணு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே அனுப்பினார். ஊராரிடம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. பேச்சு மெல்ல அடங்கியது. வீட்டில் அண்ணி சமையலுக்கு ஆள் வைத்தாள்; வந்தவள் நிலைக்கவில்லை; இன்னொருத்தி வந்தாள்.

வெரோனிகா அந்தக் கொட்டகையில் வருஷக்கணக்கில் இருந்தாள். தகரச் சுவர் போய்ப் பலகைச் சுவர் வந்தது. மலாயில் பேரம் பேசவும், சீன டிரைவர்களை அவர்கள் பாஷையிலேயே அதட்டவும் கற்றுக்கொண்டாள். குளிரில் முழங்கால் வலி வந்தது. அது போகவே இல்லை. மறுமணம் பற்றி ஒருத்தர் வந்து பேசினார், ரவூபில் பெண்டாட்டியை இழந்த ஒரு மனுஷனுக்காக. சிரித்துவிட்டு, அவருக்கும் சோறு போட்டு அனுப்பினாள்.

கிரிகரியும் டொரத்தியும் செந்தூல் பக்கம் வாடகைக்குக் குடிபோனார்கள். மற்றவர்களைப் போலச் சண்டையும் போட்டார்கள், சமாதானமும் ஆனார்கள். முதல் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, ஞானத்தாயாக நிற்க முடியுமா என்று டொரத்தி வெரோனிகாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டாள். வெரோனிகா ஒரு நாள் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லியனுப்பினாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு கோயிலில் குழந்தையை ஏந்தி நின்றாள். விருந்துக்கு உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு நாள் தங்கச் சொன்னார்கள். மறுநாள் சனிக்கிழமை, மேலே ஏறுகிற வண்டிகள் அதிகம். விருந்தன்று சாயங்காலமே லோரி பிடித்துப் போய்விட்டாள்.